பத்துக் கேள்வி, இரண்டாயிரம் டாலர்: பிளஸ் டூ பிள்ளைகளைக் கூரையைப் பார்க்க வைக்கும் போட்டி

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைசி வருடம் பாதிக்கு மேல் விண்ணப்பங்களிலேயே கரைந்துவிடும். கல்லூரிக்கு விண்ணப்பம், அரசு நிதியுதவிக்கு விண்ணப்பம், அப்புறம் கண்ணில் படுகிற உதவித்தொகைப் போட்டிகளுக்கெல்லாம் கட்டுரை. கல்லூரிக் கட்டணம் இருக்கிற இருப்பில் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்றாலும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்தப் போட்டிகளுக்கு நடுவே தீப் பாதுகாப்பைப் பற்றியும் சில உண்டு. அவற்றில் நாடு முழுவதுக்குமானது, டெக்சாஸின் டல்லாஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் ஃபயர் ஸ்பிரிங்ளர் அசோசியேஷன் நடத்திவரும் போட்டி.

விதிமுறை எளிது. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்க, கூரையில் பொருத்தும் ஸ்பிரிங்ளர்களைப் பற்றி சங்கமே ஒரு கட்டுரை தருகிறது. மாணவர் அதைப் படித்துவிட்டு, கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பத்து கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். சரியான விடை ஒவ்வொன்றுக்கும் குலுக்கலில் ஒரு சீட்டு. பத்தும் சரி என்றால் பத்துச் சீட்டு. குலுக்கலில் பெயர் வரும் பத்துப் பேருக்குத் தலா 2,000 டாலர், ஆக மொத்தம் 20,000. ஏற்கெனவே பள்ளியை முடித்தவர்களுக்குத் தனியாக இன்னொரு போட்டி வைத்து, ஐந்து பேருக்குத் தலா 1,000 டாலர் கொடுத்திருக்கிறார்கள். இது தவிர, உள்ளூர்த் தீயணைப்பு நிலையங்களும் தன்னார்வத் தீயணைப்போர் சங்கங்களும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளையே கட்டுரை எழுதச் சொல்லி, சில நூறு டாலரிலிருந்து பரிசு தருவது அமெரிக்காவில் பழைய வழக்கம். பல ஊர்களில் அக்டோபரில் வரும் தீத்தடுப்பு வாரத்தை ஒட்டி இது நடக்கும். 1871 அக்டோபரில் சிகாகோ நகரம் எரிந்ததை நினைவில் வைத்து அனுசரிக்கப்படும் வாரம் அது. 1925-ல் அதிபர் கூலிட்ஜ் அதை நாடு தழுவிய நிகழ்வாக அறிவித்தார்.

இந்தப் போட்டிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவை பிள்ளைகளைப் பிடிக்கிற வயது. பதினேழு, பதினெட்டு வயதுவரை வீட்டில் ஸ்மோக் அலாரத்துக்கு பேட்டரி மாற்றுவது அப்பாவோ அம்மாவோதான். பள்ளியில் வெளியேறும் ஒத்திகை நடத்துவது ஆசிரியர்கள். அடுத்த ஆகஸ்டில் அதே பிள்ளை ஒரு விடுதி அறையில், பெரும்பாலும் தன்னைவிட மூன்று மடங்கு வயதான கட்டடத்தில், முன்பின் தெரியாத ஒருவரோடு தூங்கப் போகிறது. கதவு எந்தப் பக்கம், படிக்கட்டு எங்கே, கூரையில் என்ன இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இடையில் இருப்பது சில மாதங்கள். அந்தச் சில மாதங்களுக்குள் நுழைவதுதான் இந்தப் போட்டி.

ஏன் விடுதிகளைப் பற்றி இவ்வளவு கவலை என்று கேட்டால், 2000-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பொழுது விடியாத நேரம். போலண்ட் ஹால் என்ற முதலாண்டு மாணவர் விடுதியின் மூன்றாவது மாடியில், எல்லோரும் உட்கார்ந்து பேசும் பொது அறையில் இருந்த சோஃபா தீப்பிடித்தது. விளையாட்டாகக் கொளுத்தியது என்பது பின்னால் தெரிந்தது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மூவருக்கும் வயது பதினெட்டு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அலாரம் ஒழுங்காகவே அடித்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் அந்த விடுதியில் பொய் அலாரம் திரும்பத் திரும்ப அடித்திருந்தது. அதனால் பலர் இதுவும் அதுபோலத்தான் என்று நினைத்துப் படுக்கையிலேயே இருந்துவிட்டார்கள்.

போலண்ட் ஹால் 1952-ல் கட்டப்பட்டது. அதில் ஸ்பிரிங்ளர் இல்லை, சட்டப்படி இருக்க வேண்டியதும் இல்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கட்டட விதிகள் பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதைத்தான் கட்டுப்படுத்தும். விதி மாறும்போது ஏற்கெனவே நிற்கிற கட்டடம் பழைய விதிப்படியே தொடரலாம். சொத்து வைத்திருப்பவர் பார்வையில் இது நியாயம்தான். இருபது வருடத்துக்கு ஒருமுறை வீட்டை இடித்துக் கட்டு என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் மாணவர்கள் வாழப் போவது பெரும்பாலும் அந்தப் பழைய கட்டடங்களில்தான்: அறுபது வருட விடுதிகள், மாணவர் சங்கத்தார் சேர்ந்து தங்கும், மரத்தால் கட்டிய ஃபிரட்டர்னிட்டி வீடுகள், வாடகை குறைவான பழைய அபார்ட்மென்ட்கள். சட்டத்தின் காவல் ஒரு பக்கம் இருக்கிறது, பிள்ளைகள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள்.

சிகாகோவின் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளியிலும் இதேதான் நடந்தது. 1958 டிசம்பர் 1 அன்று அங்கே 92 குழந்தைகளும் மூன்று கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். 1949-ல் சிகாகோ நகரம் கொண்டுவந்த கடுமையான விதிகள் அந்தப் பழைய பள்ளிக்குப் பொருந்தவில்லை. கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்த நம்மால் அந்த எண்ணை வெறும் எண்ணாகப் படிக்க முடியாது. 1996 மே 12 அன்று, அன்னையர் தினமும் பட்டமளிப்பு நாளும் ஒன்றாக வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் ஒரு ஃபிரட்டர்னிட்டி வீடு எரிந்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அங்கேயும் ஸ்பிரிங்ளர் இல்லை. அதன் பிறகு அந்த ஊர் நிர்வாகம் இத்தகைய வீடுகள் எல்லாவற்றிலும் ஐந்து வருடத்துக்குள் ஸ்பிரிங்ளர் பொருத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. சீட்டன் ஹால் தீக்கு ஆறு மாதம் கழித்து நியூ ஜெர்சியும், மாநிலத்தின் விடுதிகள் அனைத்திலும் நான்கு ஆண்டுகளுக்குள் ஸ்பிரிங்ளர் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பழைய கட்டடங்களையும் சேர்த்துப் பிடித்த சட்டம் அது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

சரி, கூரையில் இருக்கும் அந்தச் சின்னக் கருவி என்னதான் செய்கிறது? போட்டிக்காகப் படிக்கிற மாணவர்களில் பலருக்கு ஸ்பிரிங்ளர் எப்படி வேலை செய்கிறது என்பதே அப்போதுதான் முதல்முறையாகத் தெரியவரும் என்று நினைக்கிறேன்.

ஒரு ஸ்பிரிங்ளரைக் கீழே நின்று உற்றுப் பார்த்தால், நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குப்பி தெரியும். விரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. உள்ளே நிறமுள்ள திரவம், அதில் ஒரு சிறு காற்றுக் குமிழி. குழாயில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை அடைத்திருக்கும் மூடியைத் தாங்கிப் பிடித்திருப்பது இந்தக் குப்பிதான். கீழே தீப்பிடித்ததும் சூடான காற்று மேலே ஏறிக் கூரையோடு பரவும். திரவம் சூடேறி விரிய, குமிழி மறைந்து, குப்பி உடைகிறது. மூடி விழுந்து தண்ணீர் பாய்ந்து, கீழே உள்ள பல் சக்கரம் போன்ற தகட்டில் மோதிக் குடையாக விரிகிறது. மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், ஆளும் வேண்டாம். திரவத்தின் நிறம் அது உடையும் வெப்பநிலையைச் சொல்லும். ஆரஞ்சு என்றால் 57 டிகிரி செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. வீடுகளிலும் விடுதிகளிலும் நாம் அதிகம் பார்ப்பது சிவப்பு. கொதிக்கும் பாய்லருக்குப் பக்கத்தில் போன்ற இடங்களில் அதற்கு மேற்பட்ட நிறங்கள் வரும்.

இதிலிருந்தே இரண்டு தவறான நம்பிக்கைகள் அடிபட்டுப் போகின்றன. சினிமாவில் யாரோ ஒருவர் சிகரெட் லைட்டரைத் தூக்கிப் பிடித்ததும் கட்டடம் முழுக்க மழை கொட்டும். நிஜத்தில் குப்பி உடைந்த ஸ்பிரிங்ளர் மட்டும்தான் தண்ணீர் விடும், பக்கத்து அறையில் இருப்பது அப்படியே சும்மா இருக்கும். பெரும்பாலான தீ விபத்துகளில் ஒரே ஒரு ஸ்பிரிங்ளர் திறந்தே வேலை முடிந்துவிடுகிறது. இன்னொன்று, புகைக்கு அது அசையாது, வெப்பத்துக்குத்தான் அசையும். ரொட்டி கருகினால் அலாரம் அலறும், ஸ்பிரிங்ளர் கண்டுகொள்ளாது. தண்ணீர்ச் சேதம் பற்றிய பயமும் இதோடு சேர்ந்ததுதான். வீட்டு ஸ்பிரிங்ளர் ஒன்று நிமிடத்துக்கு ஐம்பதிலிருந்து எழுபது லிட்டர் வரை விடும். அது இல்லாத வீட்டுக்கு வந்து சேரும் தீயணைப்பு வண்டியின் ஒரு குழாய் அதைப் போலப் பத்து மடங்கு விடும், அதுவும் தீ வளர்ந்த பிறகு.

இந்தக் கருவியின் சக்தியைக் காட்ட ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னால் நான் ஃபிலடெல்ஃபியாவைச் சொல்வேன். 1991 பிப்ரவரி 23 அன்று, ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடத்தின் 22-வது மாடியில் தீப்பிடித்தது. ஸ்பிரிங்ளர் இல்லாத மாடிகள் வழியாகத் தீ ஒவ்வொன்றாக ஏறியது. நூற்றுக்கணக்கான தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் போராடினார்கள். அவர்களில் மூவர் உயிரிழந்தார்கள். கட்டடமே சரிந்துவிடுமோ என்று பயந்து கடைசியில் உள்ளிருந்தவர்களை வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் தீ மேலே ஏறிக்கொண்டிருந்தது. 30-வது மாடியை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனம் தன் தளத்தில் ஸ்பிரிங்ளர் போட்டிருந்தது. அங்கே பத்து ஸ்பிரிங்ளர்கள் திறந்தன. தீ அந்த மாடியைத் தாண்டவில்லை.

கருவி புதியதும் இல்லை. கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலீ 1874-ல் தன் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தினார். பின்னால் ஃபிரடெரிக் கிரின்னல் அதை மேம்படுத்தினார். கண்ணாடி வடிவமும் அவர் காலத்தில் வந்ததே. ஊருக்கு ஒரு அளவில் குழாய் போட்டுக் குழம்பியதைத் தீர்க்க நடந்த கூட்டங்களிலிருந்துதான் 1896-ல் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமே பிறந்தது. முதலில் இது காப்பாற்றியது பஞ்சாலைகளையும் கிடங்குகளையும், அதாவது காப்பீடு செய்த சரக்கை. மனிதர்கள் தூங்கும் வீட்டுக்கென்று தனியாக ஒரு தர விதி வர 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு வருட இடைவெளி. சரக்குக்கு இருந்த கரிசனம் தூங்குகிறவர்களுக்குக் கிடைக்க அவ்வளவு நாள் ஆனது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்தத் தாமதம் இன்று ஏன் இன்னும் ஆபத்து என்றால், வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள் மாறிவிட்டன. யூஎல் என்ற அமெரிக்கப் பரிசோதனை நிறுவனம் இரண்டு அறைகளை அமைத்துக் கொளுத்திப் பார்த்தது. ஒன்றில் பழங்கால மர நாற்காலி, பருத்தித் துணி. இன்னொன்றில் இன்று கடையில் கிடைக்கும் நுரை மெத்தை சோஃபா, செயற்கை இழைத் திரைச்சீலை. பழைய அறையில் எல்லாப் பொருளும் ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும் கட்டம் வர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. புது அறையில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைப் பிடிக்க முடியாது. 2003 பிப்ரவரி 20 அன்று ரோட் ஐலண்டின் வெஸ்ட் வாரிக்கில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் 100 பேர் இறந்த தீயை அரசு ஆய்வாளர்கள் பின்னர் மாதிரி மேடை அமைத்துத் திரும்பக் கொளுத்திப் பார்த்தார்கள். ஸ்பிரிங்ளர் இல்லாத மாதிரியில் சுமார் 90 வினாடியில் மனிதர் உயிரோடு இருக்க முடியாத நிலை வந்தது. ஸ்பிரிங்ளர் உள்ள மாதிரியில் தீ அடங்கியே இருந்தது.

இப்போது போட்டியை நடத்துகிறவர்கள் பக்கம் வருவோம். இது ஸ்பிரிங்ளர் பொருத்தும் ஒப்பந்ததாரர்களின் சங்கம், 1981-ல் தொடங்கியது. தாங்கள் விற்கும் பொருளைப் பற்றித் தாங்களே எழுதிய கட்டுரையைப் பிள்ளைகளைப் படிக்க வைத்துப் பணம் கொடுக்கிறார்கள். இதை மறைக்க ஒன்றும் இல்லை, அவர்களும் மறைப்பதில்லை. ஆனால் படிக்கிற மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இதன் மறுபக்கத்தில் ஒரு பெரிய தகராறு நடந்துகொண்டிருக்கிறது.

2008 செப்டம்பரில் மினியாபொலிஸ் நகரில் நடந்த கட்டட விதிக் கூட்டத்தில், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு தனி வீட்டிலும் ஸ்பிரிங்ளர் கட்டாயம் என்று நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டத்தட்டப் பேர் வாக்களித்தார்கள். 2009-ஆம் ஆண்டின் மாதிரி விதியில் அது சேர்ந்தது, 2011 ஜனவரி 1 முதல் நடைமுறை என்றும் எழுதினார்கள். ஆனால் மாதிரி விதி சட்டமாக மாநிலங்கள் ஏற்க வேண்டும். வீடு கட்டுவோர் சங்கம் மாநிலம் மாநிலமாகப் போய் எதிர்த்தது. வீட்டு விலை ஏறும், முதல் வீடு வாங்குகிறவர்கள் தாங்க மாட்டார்கள் என்றது. பென்சில்வேனியா 2011-லேயே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கும்போதே அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுத்தான் ஏற்றன. கலிஃபோர்னியாவும் மேரிலாண்டும் மட்டும் மாநிலம் முழுவதற்கும் வைத்துக்கொண்டன. செலவு எவ்வளவு என்று பார்த்தால், 2013-ல் வெளியான ஓர் ஆய்வு சதுர அடிக்கு சராசரியாக 1.35 டாலர் என்றது. 2,000 சதுர அடி வீட்டுக்கு 2,700 டாலர் வரும். சமையலறை மேடைக்கு கிரானைட் போடும் செலவு சுலபமாக இதைத் தாண்டும்.

ஆதரிப்பவர்கள் காட்டும் எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. மேரிலாண்டின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி 1992 முதல் புதிய வீடுகளில் ஸ்பிரிங்ளரைக் கட்டாயமாக்கியது. பதினைந்து வருடக் கணக்கில், ஸ்பிரிங்ளர் இருந்த தனி வீடுகளில் தீயால் ஒரு சாவும் இல்லை. இல்லாத வீடுகளில் 101 சாவு. தேசிய அளவிலும், ஸ்பிரிங்ளர் உள்ள கட்டடத் தீயில் சாவு விகிதம் ஏறத்தாழ 90 சதவீதம் குறைவு என்கிறது தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம். ஆனால் ஸ்பிரிங்ளர் உள்ள வீடு பெரும்பாலும் புதிய வீடு. ஒயரிங் புதிது, அலாரம் புதிது, குடியிருப்பவருக்கும் கொஞ்சம் வசதி இருக்கும். அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி இவற்றால் வருவது. இதைக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் இருப்பது மிகப் பெரிய வித்தியாசம்தான் என்பது என் எண்ணம். ஆய்வுக்கூடத்தில் தீயைக் கொளுத்திப் பார்த்த சோதனைகளும் அதையே சொல்கின்றன. அப்புறம், ஸ்பிரிங்ளர் கைவிட்ட சம்பவங்களில் பாதிக்கு மேல், யாரோ எப்போதோ தண்ணீர் வால்வை மூடிவிட்டுத் திறக்காமல் போனதால் நடந்தவை. கருவியின் மேல் குற்றம் சொல்ல அதில் அதிகம் இல்லை.

ஒரு நல்ல மாணவர் கட்டுரையில் நான் எதிர்பார்ப்பது இந்த மாதிரி யோசனையைத்தான். உள்ளூர்ப் போட்டிகளுக்கு வரும் கட்டுரைகள் எங்கே சறுக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டம் இல்லை. "தீ ஒரு நல்ல வேலைக்காரன், மோசமான எஜமான்" என்று தொடங்கி, வருடத்துக்கு எத்தனை சாவு என்று ஓர் எண்ணைப் போட்டு, விழிப்புணர்வு வேண்டும் என்று முடித்தால் நடுவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அதே மாணவர் தன் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போட்டு, எங்கள் தெருவுக்கு உங்கள் வண்டி வர எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டிருந்தால் கட்டுரையே வேறாக இருக்கும். தன் பள்ளியின் பழைய கட்டடத்தில் எந்தப் பகுதியில் ஸ்பிரிங்ளர் இருக்கிறது, எந்தப் பகுதியில் இல்லை, அந்தக் கோடு ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று விசாரித்து எழுதினால் போதும். பெரும்பாலும் அந்தக் கோடு, விதி மாறிய வருடத்தில் கட்டிய புதுப் பகுதி தொடங்கும் இடமாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கில் டல்லாஸ் சங்கத்தின் படித்து விடையளிக்கும் முறை ஒரு விதத்தில் பின்தங்குகிறது. யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, எதையும் யோசித்து எழுத வேண்டியதில்லை. விடையைத் தேடி எடுத்துக் குறித்துவிடலாம். இன்னொரு விதத்தில் அது நியாயமானது. கட்டுரைப் போட்டி என்றால் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், கட்டுரையைத் திருத்திக் கொடுக்கப் பெற்றோர் இருப்பவர்கள்தான் உள்ளே வருவார்கள். குலுக்கல் என்றால் எழுத்து வராத பையனும் வருவான், ஆங்கிலம் இரண்டாவது மொழியாக உள்ள பெண்ணும் வருவாள். மலிவான பழைய வீட்டில் குடியேற அதிக வாய்ப்பு உள்ளவர்களும் அவர்கள்தான். எத்தனை பேரைப் போய்ச் சேர்கிறது என்பதே நோக்கம் என்றால் குலுக்கல் முறையை நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் பத்து கேள்விகளில் ஒன்றாவது மாணவரை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும். உங்கள் வீட்டு ஸ்மோக் அலாரத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வருடம் என்ன என்று கேட்கலாம். பத்து வருடம் தாண்டியிருந்தால் அதை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலான வீடுகளில் தெரியாத விஷயம். அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூன்று பேர், அலாரமே இல்லாத அல்லது வேலை செய்யாத வீடுகளில் இறக்கிறார்கள்.

விடுதிக்குப் போன பிறகு நடக்கும் தப்புகளும் சின்னச் சின்னவைதான். ஸ்பிரிங்ளரை ஹாங்கர் மாட்டும் கொக்கி என்று நினைத்துக் கோட்டைத் தொங்கவிடுவது விடுதிகளில் அடிக்கடி நடக்கிறது. குப்பி உடைந்து, குழாயில் தேங்கிக் கிடந்த கருப்புத் தண்ணீர் அறையையும் கீழ் மாடியையும் நனைக்கும். அலங்கார விளக்குச் சரத்தைச் சுற்றி வைப்பார்கள். அலமாரியைக் கூரைவரை அடுக்கித் தண்ணீர் விரியும் வழியை மறைப்பார்கள். வீட்டுக்காரர் சுவரோடு சேர்த்து ஸ்பிரிங்ளர் மேலும் பெயின்ட் அடித்துவிடுவது இன்னும் மோசம். பெயின்ட் பூசிய ஸ்பிரிங்ளர் தாமதமாக உடையும், உடையாமலும் போகலாம். அதைத் துடைத்துச் சரிசெய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கல்லூரி வளாகத்துக்கு வெளியே நிலைமை இன்னும் கவலைக்கு உரியது. கல்லூரி மாணவர்கள் தீயில் இறக்கும் சம்பவங்களில் பெரும்பகுதி விடுதியில் நடப்பதில்லை. வெளியே வாடகைக்கு எடுத்த வீடுகளில் நடக்கிறது. விடுதிகளில் சட்டமும் கல்லூரி நிர்வாகமும் ஓரளவு உள்ளே வந்துவிட்டன, வாடகை வீட்டுக்குள் வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளில் மிகப் பலர் தங்குவதும் அங்கேதான், நாலைந்து பேர் சேர்ந்து பகிரும் அபார்ட்மென்டில். கடுகு தாளிக்கும்போது அலாரம் அலறுகிறது என்று அதன்மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டி ரப்பர் பேண்ட் போடுவது நம்மவர்களிடையே சாதாரணமான பழக்கம். சமையல் முடிந்ததும் கவரைக் கழற்ற யாருக்கும் நினைவு வராது. அமெரிக்காவில் வீட்டுத் தீ தொடங்கக் காரணமானவற்றில் முதலிடம் சமையலுக்குத்தான். மகனோ மகளோ அங்கே இருக்கிற பெற்றோர் அடுத்த வீடியோ காலில், "சாப்பிட்டியா" என்று கேட்ட கையோடு, கேமராவைக் கொஞ்சம் மேலே திருப்பு என்று சொல்லலாம். அந்த அலாரம் சமையலறைக்கு மிக அருகில் இருந்தால் தள்ளி மாட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்க முடியும். ஜன்னலைத் திறந்து மேலே உள்ள விசிறியைப் போட்டாலும் பாதிப் பிரச்சினை தீரும்.

கதவும் அதே அளவு முக்கியம். 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹீட்டரிலிருந்து தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். தீ பெரும்பாலும் அந்த ஒரு வீட்டிலும் அதன் வாசலிலும்தான் இருந்தது. தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடாமல் திறந்தே நின்றதால் புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. பலர் இறந்தது புகையில். தூங்கப் போகும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லித் தருவதற்குக் காசு ஒன்றும் செலவாகாது.

போட்டிக்காக இவ்வளவும் படித்த மாணவர் அந்த அறிவைப் பயன்படுத்த ஒரு வழி அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டப்படி, விடுதி வைத்திருக்கும் கல்லூரிகள் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1-க்குள் தீப் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். எந்த விடுதியில் ஸ்பிரிங்ளர் உண்டு, வருடத்துக்கு எத்தனை ஒத்திகை நடந்தது, முந்தைய மூன்று வருடத்தில் எங்கெங்கே தீப்பிடித்தது, எத்தனை பேருக்குக் காயம், எவ்வளவு சேதம் என்பதெல்லாம் விடுதி வாரியாக அதில் இருக்கும். விடுதியில் நடந்த தீ விபத்துகளுக்குத் தனிப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும், கேட்பவருக்குக் காட்ட வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது சாப்பாடு எப்படி, கால்பந்து அணி எப்படி என்று பிள்ளைகள் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். இந்த அறிக்கையைத் திறக்கிறவர்கள் சொற்பம்.

பல கல்லூரிகளில் இடத்தை உறுதிசெய்து முன்பணம் கட்ட மே 1 கடைசி நாள். அறை எந்த விடுதியில் வேண்டும் என்ற விருப்பத்தைப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். அந்தப் படிவத்தில் பழைய விடுதி, புது விடுதி என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே அந்தக் கல்லூரியின் தீப் பாதுகாப்பு அறிக்கையையும் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்பிரிங்ளர் பற்றிய பத்தியில் எந்தப் பெயருக்கு நேரே 'முழுமையாக' என்று இருக்கிறது, எதற்கு 'பகுதி' அல்லது 'இல்லை' என்று இருக்கிறது என்று பார்த்துவிட்டு முதல் விருப்பத்தை எழுத வேண்டும். 'இல்லை' என்று போட்டிருக்கும் விடுதியே கிடைத்தாலும், ஏன் இல்லை, எப்போது வரும் என்று விடுதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்.